கிட்டாருக்கு வர்ணம்: மெஷின் வாங்குமுன் ஜன்னலைப் பாருங்கள்



பிழைப்புக்காகப் பட்டணம் வந்து குடியேறிய நம்முடைய இல்லங்களில் இன்று ஒரு கிட்டாராவது சுவரில் தொங்குவதைக் காணலாம். ஞாயிறு காலையில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சபைக்குப் புறப்படும் வாலிபப் பிள்ளைகள் அநேகர். புதிய கிட்டார் வாங்க வசதியில்லாமல், பழையதைக் குறைந்த விலைக்கு வாங்கி, உரிந்துபோன வர்ணத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்துக்கொண்டு, "அப்பா, ஒரு ஸ்பிரே மெஷின் வாங்கித் தந்தால் போதும், இதைப் புதிதுபோல் ஆக்கிவிடுவேன்" என்று மகன் வந்து நிற்கிறான். அவனுடைய ஆர்வம் நல்லது. கையால் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கப் பழகுகிற பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஆனால் எந்த மெஷினை வாங்குவது?

கடைக்காரர் ஒன்றைச் சொல்வார், நண்பர் வேறொன்றைச் சொல்வார். பெரும்பாலோர் முதலில் மெஷினை வாங்கிவிடுகிறார்கள், பின்பு அதற்கேற்ற வர்ணத்தைத் தேடுகிறார்கள், கடைசியில்தான் எங்கே வைத்து அடிப்பது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. முதலாவது இடம், இரண்டாவது பூசும் பொருள், மூன்றாவது காற்று, கடைசியில்தான் கருவி. இந்த வரிசையில் யோசித்தால் பணமும் மிஞ்சும். அதைவிட மேலான, வீட்டாருடைய சுவாசமும் காக்கப்படும்.

ஒரு வைத்தியரின் கருவி

ஸ்பிரே கன் பிறந்த கதை அநேகருக்குத் தெரியாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலிடோ என்னும் பட்டணத்தில் ஆலன் டிவில்பிஸ் என்ற காது மூக்கு தொண்டை வைத்தியர் இருந்தார். நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தை மூடுபனிபோல் தெளிக்கும் கருவி ஒன்றை அவர் உண்டாக்கி, 1888ல் அதற்காக ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய மகன் தாமஸ் அதே தத்துவத்தை வர்ணம் பூசுவதற்குப் பயன்படுத்தினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மருந்து உடலுக்குள் எளிதாய்ச் செல்ல வேண்டும் என்பதற்காகவே அது நுண்துளியாக உடைக்கப்பட்டது. வர்ணத்தை அதேபோல் உடைக்கும்போது அதுவும் அதே வழியாக, அதே எளிமையோடு உள்ளே செல்லும். தூரிகையால் பூசும்போது இல்லாத ஆபத்து தெளிக்கும்போது உண்டாவதற்குக் காரணம் இதுவே.

முதலாவது: இடம்

மும்பையிலோ டெல்லியிலோ பெங்களூரிலோ நம்மில் பலருக்கு வீடு என்பது ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதில் ஒரு ஜன்னல். அந்த அறையில் லாக்கர் தெளிக்கலாமா? கூடாது. ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது.

ஏனெனில் லாக்கரைக் கரைக்கும் தின்னரில் பொதுவாக டொலுயீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. அசிட்டோனின் ஆவி பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி குளிரிலும் தீப்பிடிக்கக் கூடியது. டொலுயீன் சுமார் 4 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. ஆகவே அவை மேலே எழும்பி ஜன்னல் வழியாகப் போய்விடுவதில்லை. தரையோடு தரையாகப் பரவி, நீங்கள் நினையாத மூலைக்குப் போய்ச் சேரும். அங்கே ஸ்டவ் எரிந்துகொண்டிருக்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும்போது சிறு பொறி எழலாம். சுவிட்சைப் போடும்போதும் பொறி உண்டு. சமையலறையில் பொருத்தும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்குத் தீர்வாகாது. அதன் மோட்டார் அந்த ஆவியின் நடுவிலேயே சுழல்கிறது. இவ்வேலைக்கென்று தொழிற்சாலைகளில் ஃபிளேம் புரூஃப் மோட்டார்கள் வைப்பது இதனாலேயே.

வீட்டில் கைக்குழந்தை உண்டா? கர்ப்பவதியான சகோதரி உண்டா? ஆஸ்துமா உள்ள பெரியவர் உண்டா? அப்படியானால் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். டொலுயீன் ஆவி வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடியது. அதுமட்டுமல்ல, லாக்கர் தொட்டுப் பார்க்க ஒரு மணி நேரத்தில் காய்ந்ததுபோல் தோன்றினாலும், பல வாரங்கள் மெல்ல மெல்ல ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அடித்தது மொட்டைமாடியிலானாலும், அன்றிரவே அதைக் கொண்டுவந்து பிள்ளைகள் உறங்கும் கட்டிலுக்கு மேலே தொங்கவிட வேண்டாம்.

திறந்த மொட்டைமாடியோ, கீழ்த்தளத்தில் காற்றோட்டமான கொட்டகையோ கிடைத்தால் மட்டுமே ஸ்பிரே என்ற பேச்சைத் தொடங்குங்கள். அதற்கும் கட்டிடத்தாரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பக்கத்து வீட்டாரின் கொடியில் காயும் துணிகளும் உங்கள் பொறுப்பே.

இரண்டாவது: பூசும் பொருள்

மும்பை, டெல்லி மரவேலைக்காரர்கள் ஸ்பிரே செய்த பெயிண்டை "டூக்கோ" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஒரு நிறுவனத்தின் வர்ணப் பெயர். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1920களின் முற்பகுதியில் மோட்டார் வாகனங்களுக்கென்று கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் பெயர் டூக்கோ. அதற்கு முன்பு ஒரு காருக்கு வர்ணமடித்து உலர வைக்க வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ வந்தபின் அது மணிக்கணக்காகக் குறைந்தது. 1950களிலும் 60களிலும் ஃபெண்டர் நிறுவனம் தன் எலெக்ட்ரிக் கிட்டார்களுக்குப் பூசிய பல நிறங்கள் டூபான்ட்டின் இந்தக் கார் வர்ணங்களே. கிட்டார் வர்ணமும் கார் வர்ணமும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இது நமக்கு உதவும்.

இன்று கடையில் கிடைப்பவை பொதுவாக ஐந்து வகை.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்: மெல்லியதாய்ப் படியும், பழுதானால் அதன்மேலேயே மறுபடியும் பூசலாம். ஆனால் தீப்பற்றும் தன்மை மிக அதிகம்.

இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் பி.யூ.: கண்ணாடிபோல் பளபளக்கும், உறுதியாயிருக்கும். ஆனால் இதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. இது சிலருக்குத் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். தொழிற்சாலைகளில் இதை அடிப்பவர்களுக்கு வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று தரும் முகமூடி கொடுக்கப்படுகிறது. ஆகவே இதை வீட்டில் அடிக்கவே வேண்டாம்.

மெலமைன் பாலிஷ்: மர அலமாரிகளுக்கு நம் ஊர்களில் மிகவும் வழக்கமானது. கலந்து அடிக்கும் இவ்வகை காயும்போது ஃபார்மால்டிஹைடு வெளிவரும். கண் எரிவது அதனாலேயே.

நீரில் கரையும் லாக்கர்: தீ ஆபத்து மிகவும் குறைவு. வாசனையும் குறைவு. ஆனால் நுண்துளிக்கு முகமூடி இதற்கும் அவசியம்.

ஐந்தாவது, நம் தேசத்தின் அரக்கு. ஜார்க்கண்டின் மரங்களில் பூச்சிகள் உண்டாக்கும் அரக்கிலிருந்து கிடைப்பதே செல்லாக். இதை ஆராய்வதற்கென்றே 1924ல் ராஞ்சி அருகே ஓர் ஆய்வு நிலையம் ஏற்படுத்தப்பட்டது. செல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைப் பொதிந்த துணி உருண்டையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவதே பிரெஞ்சு பாலிஷ். விலையுயர்ந்த கிளாசிக்கல் கிட்டார்களுக்கு இன்றும் கைவினைஞர்கள் இதைத்தான் செய்கிறார்கள். இதற்கு மெஷினே வேண்டியதில்லை! நுண்துளியும் பறப்பதில்லை. ஸ்பிரிட்டும் தீப்பற்றும் பொருள்தான். ஆகவே அடுப்பை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும்.

மூன்றாவது: காற்றும் கருவியும்

இடமும் பொருளும் தீர்மானமாயிற்று, ஸ்பிரேதான் வேண்டும் என்றால், இப்போது கருவிகளைப் பார்ப்போம்.

டப்பா ஸ்பிரே: சுமார் 400 மில்லி கொண்ட அழுத்த டப்பா. ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரின் உடலுக்கு நிறத்தோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று நான்கு டப்பாக்கள் தேவைப்படலாம். வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ கிட்டார் மட்டும் செய்கிறவருக்கு இதுவே மலிவு. கழுவும் வேலையில்லை, மின்சாரமும் தேவையில்லை. "இது சிறுபிள்ளை வேலை" என்று ஏளனம் செய்யாதிருங்கள். பொறுமையாய் மெல்லிய பூச்சுகளாக அடித்து, உப்புத்தாளால் நீரோடு தேய்த்து மெருகேற்றினால், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

கையில் பிடிக்கும் எலெக்ட்ரிக் ஸ்பிரேயர்: இணையக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது. கதவு, அலமாரி, கம்பி வேலி ஆகியவற்றிற்கு ஏற்றது. ஆனால் துளி பெரிதாக விழுவதால் கிட்டாரின்மேல் ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாகும். அதைவிட முக்கியமானது, இதன் மோட்டார் கைக்குள்ளேயே, தெளிக்கும் புகைக்கு அருகிலேயே ஓடுகிறது. எளிதில் தீப்பற்றும் திரவங்களை இதில் ஊற்றக்கூடாது என்று பல மெஷின்களின் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். நைட்ரோ லாக்கரை இதில் ஊற்றவே வேண்டாம். கையேட்டைப் படிக்காமல் பெட்டியை எறிந்துவிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஏர்லெஸ் பம்ப்: கட்டிடங்களுக்கு வர்ணமடிப்பவர்கள் பயன்படுத்துவது. சதுர அங்குலத்திற்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்யும். விரல் குறுக்கே வந்தால் தோலைத் துளைத்து வர்ணம் உள்ளே ஏறிவிடும். கிட்டாருக்கு இது வேண்டவே வேண்டாம்.

டர்பைன்: தனிப் பெட்டியில் மோட்டார் சுழன்று, தடித்த குழாய் வழியாக மிகுந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில் கன்னுக்கு அனுப்பும். பெட்டியைத் தெளிக்கும் இடத்திலிருந்து தூரமாக வைக்கலாம். காற்றில் ஈரம் சேராது. ஆனால் காற்று சூடாக வருவதால் நம் கோடைகாலத்தில் வர்ணம் பரவுவதற்குள் உலரத் தொடங்கும். நல்ல டர்பைன் விலையும் அதிகம்.

கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும்: கிட்டார் பட்டறைகளில் மிகவும் வழக்கமானது. இதில்தான் அநேகர் ஏமாறுகிறார்கள். ஆகையால் சற்று விவரமாய்ப் பார்ப்போம்.

பழைய வகை கன்னில் தெளிக்கும் வர்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பொருளின்மேல் ஒட்டும். எச்.வி.எல்.பி. என்னும் வகை, காற்று மூடியில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேற்படாத அழுத்தத்தில் தெளிக்கும். இதில் சுமார் 65 சதவீதம் ஒட்டும். கிட்டாரின்மேல் 100 மில்லி சேர வேண்டுமென்றால், பழைய கன்னில் ஏறக்குறைய 300 மில்லி ஊற்ற வேண்டும்; 200 மில்லி காற்றில் போகும். எச்.வி.எல்.பி.யில் 154 மில்லி போதும். காற்றில் போவது 54 மில்லிதான். உங்கள் நுரையீரலுக்கு எது நல்லது என்று நீங்களே தீர்மானியுங்கள்.

ஆனால் எச்.வி.எல்.பி. கன் காற்றை அதிகம் குடிக்கும். பல கன்கள் நிமிடத்திற்கு 10 கன அடியோ அதற்கு மேலோ கேட்கும். நம் கடைகளில் கிடைக்கும் 1 எச்.பி. கம்ப்ரஸர் ஏறக்குறைய 4 கன அடிதான் தரும். டேங்கு 50 லிட்டர் என்றால் என்ன நடக்கும்? ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். கன் நிமிடத்திற்கு 283 லிட்டர் எடுக்கிறது, கம்ப்ரஸர் 113 லிட்டர் தருகிறது, 170 லிட்டர் பற்றாக்குறை. டேங்கின் அழுத்தம் 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்வரை அதிலிருந்து கிடைப்பது 250 லிட்டர். ஆக, ஒன்றரை நிமிடத்தில் காற்று தளர்ந்துவிடும். 25 லிட்டர் டேங்கு என்றால் முக்கால் நிமிடம்.

ஓர் அலமாரி அடிப்பவனுக்கு இது போதாது. ஆனால் கிட்டார் சிறிய பொருள். ஒரு பக்கத்தை ஒரு பூச்சு பூசக் கன்னை அழுத்தும் நேரம் ஒரு நிமிடத்திற்குள்தான். அடித்து நிறுத்தி, டேங்கு நிரம்பக் காத்திருந்து, மறுபக்கம் அடிக்கலாம். அல்லது எல்.வி.எல்.பி. என்னும் வகை கன்னை வாங்கலாம். அவற்றில் பல நிமிடத்திற்கு 4, 5 கன அடியிலேயே வேலை செய்யும். ஆகவே பெரிய கம்ப்ரஸருக்காகக் கடன் வாங்க வேண்டிய அவசியமில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பெட்டியில் அச்சிட்டுள்ள எண் பிஸ்டனின் கொள்ளளவா, உண்மையில் வெளிவரும் காற்றின் அளவா என்று கேளுங்கள். முதல் எண் எப்போதும் பெரிதாகவே இருக்கும்.

கப் மேலே இருக்கும் கன்னை வாங்குங்கள். கொஞ்சம் வர்ணமே ஊற்றினாலும் கடைசித் துளிவரை இறங்கும். நாசில் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் லாக்கருக்குப் பொருந்தும். ஏர்பிரஷ் என்னும் பேனா போன்ற கருவி ஓரங்களில் நிழல் கொடுக்கவும் சிறு பழுதுக்கும் மட்டுமே. முழு உடலுக்கும் அதை நம்ப வேண்டாம்.

மறந்துபோகும் செலவுகள்

கோபுரம் கட்டத் தொடங்குமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற உவமையை நாம் அறிவோம். கன்னின் விலையோடு கணக்கு முடிவதில்லை.

முகமூடி: துணியும் என்95ம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கென்று கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும். தாடியிருந்தால் அது முகத்தோடு பொருந்தாது. வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜைக் காற்றுப் புகாத பையில் வையுங்கள்; வெளியே கிடந்தால் வீணாகிவிடும். வாசனை தெரியத் தொடங்கினால் உடனே மாற்றுங்கள். முகமூடியைக் குறைத்துக் கன்னில் செலவழிப்பதைவிட, கன்னைக் குறைத்து முகமூடியில் செலவழிப்பதே ஞானம்.

நீர்ப் பிரிப்பான்: கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராக மாறும். குழாயில் வாட்டர் டிராப் இல்லாவிட்டால் அந்தத் துளி நேரே கிட்டாரின்மேல் விழும். டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து அன்றன்று தண்ணீரை வடித்துவிடுங்கள்.

காலம்: ஜூலை மாத மும்பையில் லாக்கர் அடித்தால், ஈரம் சிக்கிக்கொண்டு பூச்சு வெண்மையாய்ப் பூத்துவிடும். டிசம்பர் டெல்லியில் குளிரினால் உலருவது தாமதமாகும். மழை ஓய்ந்த வறண்ட நாளுக்குக் காத்திருப்பதற்குச் செலவில்லை.

கழுவுதல்: வேலை முடிந்தவுடன் கன்னைப் பிரித்துக் கழுவாவிட்டால் மறுமுறை அது வேலை செய்யாது. கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதிருங்கள். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, பெயிண்ட் வேலை செய்கிறவரிடம் கொடுங்கள்.

ஆகவே எதை வாங்குவது?

ஒரே அறையில் குடியிருக்கிறீர்களா? ஸ்பிரே மெஷின் வாங்காதிருங்கள். வாங்காமல் இருப்பதும் ஒரு நல்ல தீர்மானமே. செல்லாக்கால் கைப்பூச்சு பூசக் கற்றுக்கொள்ளுங்கள். பளபளக்கும் நிறம்தான் வேண்டுமென்றால், தேய்க்கும் வேலையெல்லாம் வீட்டில் செய்து முடித்து, தெருமுனையில் கார்களுக்கு வர்ணமடிப்பவரிடம் கொண்டுபோங்கள். கார் வர்ணமும் கிட்டார் வர்ணமும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று முன்னமே பார்த்தோமல்லவா? ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லுங்கள்: அக்கூஸ்டிக் கிட்டார் என்றால் பூச்சு மிக மெல்லியதாய் இருக்க வேண்டும். நல்ல கிட்டாரின் மேற்பலகையில் மொத்தப் பூச்சும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். பட்டி பூசிக் கனமாக அடித்தால் பலகை அதிர இயலாது, சத்தம் மங்கிவிடும்.

மொட்டைமாடி உண்டு, ஒன்றிரண்டு கிட்டார்தான் என்றால் டப்பா ஸ்பிரே போதும். வருடந்தோறும் பல கிட்டார் செய்ய எண்ணமுள்ளவருக்கு 1 எச்.பி. கம்ப்ரஸர், 50 லிட்டர் டேங்கு, எல்.வி.எல்.பி. கன், வாட்டர் டிராப், ரெஸ்பிரேட்டர் என்ற வரிசை. கம்ப்ரஸரைத் தெளிக்கும் இடத்திலிருந்து தூரமாக வைத்து நீண்ட குழாயைப் பயன்படுத்துங்கள். அதன் அழுத்த சுவிட்சிலும் பொறி எழும். கிட்டாரைத் தொடுமுன் அட்டையில் அடித்துப் பழகுங்கள். ஆறு முதல் எட்டு அங்குல தூரம், கை ஒரே வேகத்தில், ஒவ்வொரு வரியும் முந்தின வரியில் பாதியை மூடும்படி. கை பழகியபின் கிட்டாருக்கு வாருங்கள்.

மகன் கேட்ட மெஷினை இல்லையென்று சொல்வது பெற்றோருக்குக் கடினமே. ஆனால் வெறுமனே மறுக்காதிருங்கள். அவனை அருகில் அழைத்து, இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இருவருமாக எழுந்துபோய் வீட்டு ஜன்னலைத் திறந்து பாருங்கள். அந்த ஜன்னலுக்கு இப்பாலுள்ள காற்றைத்தான் அவனுடைய தங்கை இரவெல்லாம் சுவாசிக்கிறாள் என்பது அவனுக்கும் விளங்கும். சனிக்கிழமை சாயங்காலம் செல்லாக்கும் துணி உருண்டையும் எடுத்துக்கொண்டு தகப்பனும் மகனும் ஒரே கிட்டாரின் முன் உட்காரட்டும். மெஷின் அரை மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு உங்களுக்கு இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்கள் வீணாகாது.